வீட்டைப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்புவரை வட லண்டனில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், சிவப்புப் பொத்தானையும் அதற்குரிய பெட்டியையும் பொருத்திக்கொண்டிருந்தவள் நான். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அவர்கள் பொத்தானை விரலால் அமர்த்த வேண்டும். பெட்டி தொலைபேசி வழியாகக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடும். அங்கிருப்பவரின் குரல் பெட்டிக்குள்ளிருந்து கேட்கும். எந்தக் கம்பியை எங்கே செருகுவது என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. இன்று நீங்கள் செருகும் கம்பி சில வருடங்களில் இருக்காது. நான் சொல்லப்போவது ஒரு பிழையை, என்னுடைய பிழையை. அதை நீங்கள் ஒருவரும் திரும்பச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசிக் கம்பியிலேயே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. பிறகு பழைய இணைப்புகளை நிறுத்தி எல்லோரையும் இணையத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். மூலையில் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் ரவுட்டருக்குப் பின்னால் இனித் தொலைபேசியைச் செருக வேண்டும். ரவுட்டருக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. சுவரில் சுவிட்சை அணைத்தால் ரவுட்டர் போய்விடும், போன் போய்விடும், எங்கள் பெட்டியாலும் யாரையும் கூப்பிட முடியாது. உங்கள் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, நீங்கள் வீட்டில் எதையும் அணைப்பதே இல்லை. எழுபது, எண்பது வயதுக்காரர்களின் கதை வேறு.

கிங்ஸ்பரியில் ஒரு மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், மனைவி போன பிறகு தனியாக ஒரு பிளாட்டில் இருந்தார். நான் பொத்தானைக் கட்டிவிட்ட மறுநாளே தொடங்கிவிட்டார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு அமர்த்துவார். கட்டுப்பாட்டு அறையில் பதறிப்போய் எடுப்பார்கள். "பிள்ளை, தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று கேட்பார். ஆங்கிலேயர் எடுத்தால் அதையே ஆங்கிலத்தில் கேட்பார். அவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு முறையிட்டார்கள், கடைசியில் அவரோடு பேசிப்பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

"மாஸ்டர், இது அவசரத்துக்கு அமத்திற பட்டன். சும்மா அமத்தக்கூடாது," என்றேன்.

அவர் என்னைப் பின்வரிசை வாங்கில் இருக்கும் மாணவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "விழுந்து கிடக்கேக்கை முதன்முதலா அமத்திப் பாக்கச் சொல்லுறியோ? அது வேலை செய்யுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. போகும் வழியெல்லாம் சிரித்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கவைத்தேன். அவர் சொன்னதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திராது.

இனி எட்மண்டன். அங்கே செபமாலை அண்ணையும் அவருடைய மனைவி திரேசம்மா அக்காவும் இருந்தார்கள், மன்னார்க்காரர்கள், கத்தோலிக்கர். அண்ணைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக இயங்காது. திரேசம்மா அக்கா நாள் தவறாமல் மாதா கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போவார். ஒன்பதரைக்குப் புறப்பட்டால், பூசையும் முடித்து கடைக்கும் போய்விட்டு வரப் பதினொரு மணியாகும். அந்த ஒன்றரை மணிநேரம் அண்ணை தனியாக இருப்பார். அதற்காகத்தான் அவருடைய இடது மணிக்கட்டில் பொத்தானைக் கட்டியிருந்தேன். பழைய தொலைபேசிக் கம்பியோடு அது பல வருடம் ஒழுங்காக வேலை செய்தது.

அவர்களுடைய இணைப்பும் மாறியது. பெட்டியை ரவுட்டரோடு இணைத்துவிட நான் போனேன். தமிழ் வீடென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள், எனக்கு எங்கள் சனத்தைத் தெரியும் என்று. இணைத்தேன். பொத்தானை அமர்த்தச் சொன்னேன். கட்டுப்பாட்டு அறை எடுத்தது. கையெழுத்து வாங்கினேன். வேலை முடிந்தது.

நான் சப்பாத்தைப் போடும்போது திரேசம்மா அக்காவும் பூசைக்குப் புறப்பட்டார். சமையலறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் சுவிட்சை அணைத்தார். பாண் வாட்டும் ரோஸ்டர், வாஷிங் மெஷின், பிறகு முன்னறையில் டிவி. டக், டக், டக் என்று ஒவ்வொன்றாக. எனக்கு மனது நிறைந்துபோயிற்று. என் அம்மாவும் இப்படித்தான். நானும் இப்படித்தான். வேலைக்குப் புறப்படுமுன் வீட்டைச் சுற்றி வந்து எல்லாச் சுவிட்சையும் அணைக்காவிட்டால் எனக்கு பஸ்ஸில் இருப்புக்கொள்ளாது. வீடென்றால் இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அவர் சுற்றி முடிக்குமுன் அடுத்த வேலைக்கு ஓடிவிட்டேன்.

என் இடத்தில் எங்கள் அலுவலகத்து வெள்ளைக்காரத் தம்பி ஒருவன் போயிருந்தால், இந்த அம்மா என்ன செய்கிறார் என்று நின்று பார்த்திருப்பான். வாய் திறந்து கேட்டிருப்பான். எனக்கு அது பழகிய காட்சி, அதனால் என் கண்ணில் படவேயில்லை. சனத்தைத் தெரியும் என்று அனுப்பப்பட்டவள் சனத்தைத் தெரிந்ததாலேயே கோட்டை விட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. நான் கிங்ஸ்பரியில் மாஸ்டருடைய பிளாட்டில் இருந்தேன். அவருடைய இணைப்பையும் மாற்றும் நாள் அது. பழைய கம்பியைக் கழற்றிவிட்டேன், புதியதை இன்னும் மாட்டவில்லை. என் கைபேசி அடித்தது. கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, கோயம்புத்தூர்ப் பக்கம், என்னைவிட முப்பது வயது குறைந்தவள்.

"அக்கா, எட்மண்டன்ல செபமாலை சார் வீடு நீங்கதானே மாத்திக் குடுத்தீங்க?"

"ஓம், என்ன பிரச்சினை?"

"அந்தப் பெட்டி தினமும் காலையில பத்து மணிக்கு எங்களுக்கு ஒரு டெஸ்ட் சிக்னல் அனுப்பணும்ல. மூணு வாரமா பத்துக்கு வரல. பதினொண்ணு, பதினொண்ணேகாலுக்கு வருது. லேட்டா வந்தாலும் வந்துடுச்சுன்னு கம்ப்யூட்டர் பச்சை போட்டுட்டு விட்டுடுது. அதனால யாரும் பாக்கல."

"லைன் பழுதா இருக்கும். கொம்பனிக்கு எழுதிப் போடுங்கோ."

"ஆமா, ரூல்ஸ்படி அதைத்தான் செய்யணும். ஆனா கெட்டுப்போன லைன் டைம் பாத்தா கெட்டுப்போகும்? தினமும் அதே நேரத்துல யாரோ நிறுத்துறாங்க, அக்கா. இப்ப மணி பத்து பத்து. இன்னைக்கும் வரல."

அப்போதுதான் எனக்கு அந்த டக், டக், டக் கேட்டது. டிவிக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? ரவுட்டர். எங்கள் பெட்டியை நான்தான் அதோடு இணைத்தேன். 

எழுந்து எட்மண்டனுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது.  ஓடியிருந்தால் இன்னொரு பெரிய பிழை செய்திருப்பேன். நார்த் சர்குலர் வீதியில் அந்த நேரத்துக்குக் குறைந்தது முக்கால் மணிநேரம் எடுக்கும். அதோடு, மாஸ்டருடைய கம்பி என் கையில் இருந்தது. நான் போனால் அவரும் பொத்தான் இல்லாமல் தனியாக இருப்பார். ஒருவருக்குச் செய்த பிழையை இன்னொருவருக்கும் செய்துவிட்டுத்தான் ஓட வேண்டும். பிள்ளைகளே, பதற்றத்தில் நாம் ஓட நினைப்பது பெரும்பாலும் நம் மனதை ஆற்றத்தான். விழுந்து கிடப்பவருக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். நான் யோசிக்க எடுத்தது பத்து வினாடிதான், ஆனால் யோசித்தேன்.

செபமாலை அண்ணையின் மகன் குரோய்டனில் இருக்கிறான், நகரத்தின் மறுகோடி. திரேசம்மா அக்காவின் கைபேசி கோயிலில் அணைத்துத்தான் இருக்கும். ஆனால் கோயிலிலிருந்து வீடு பத்து நிமிட நடை. எந்த வாங்கில் இருப்பார் என்று அவரே ஒருநாள் கதையோடு கதையாகச் சொல்லியிருந்தார்.

"கோயில் பங்கு அலுவலகத்துக்கு போன் அடியுங்கோ," என்றேன். "பூசை நடக்குது. மூண்டாவது நாலாவது வாங்கிலை, வலப்பக்கம், சாம்பல் கோட்டோடை ஒரு அம்மா இருப்பா. திரேசம்மா எண்டு பேர். உள்ளுக்குப் போய் ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கோ."

"பூசை நடுவுல உள்ள போய்க் கூப்பிடலாமா, அக்கா?"

"போகலாம். நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ. கடவுளோடை நான் பிறகு கதைக்கிறன்."

அவள் சிரிக்கவில்லை. "சரி, கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாள்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைப் பாக்காதை, போ," என்றார்.

"ஏலாது மாஸ்டர். முதல்லை உங்கடை பெட்டியை இணைச்சுப்போட்டுத்தான் போவன்."

 ஒரே செருகியை இரண்டு தரம் தவறாக மாட்டினேன். மாட்டி முடித்து, அமர்த்திப் பார்த்து, குரல் கேட்ட பிறகுதான் படியிறங்கினேன். மாஸ்டர் அன்றைக்கு அந்தக் குரலிடம் தேநீர் பற்றிக் கேட்கவில்லை. "எட்மண்டன் மனுசன் இப்ப எப்பிடி இருக்கிறார்?" என்றுதான் கேட்டார்.

பங்கு அலுவலகத்துப் பெண் பூசை நடுவில் உள்ளே போய் திரேசம்மா அக்காவின் தோளைத் தொட்டிருக்கிறாள். அவர் ஓடியிருக்கிறார். அறுபத்தொன்பது வயதில், சாம்பல் கோட்டோடு. செபமாலை அண்ணை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஒன்பதே முக்காலுக்கு விழுந்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"அமத்தினனான் பிள்ளை," என்றார். "திரும்பத் திரும்ப அமத்தினனான். ஒருத்தரும் கதைக்கேல்லை."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தான் சரியாகத்தான் அமர்த்தியதாக எனக்குச் சொன்னார், தன் பக்கத்தில் பிழை இல்லை என்று. நான் தெருவில் நின்று அழுதேன்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் மகன் வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை, பயத்தில் கோபப்பட்டான். "அம்மா, ரவுட்டரை ஒருத்தரும் ஓஃப் பண்ண மாட்டினம். எல்லாருக்கும் தெரியும்!"

"எனக்குத் தெரியாதே, தம்பி," என்றார் திரேசம்மா அக்கா. "கொப்பாவாலை எழும்பி ஓட ஏலாது. நான் இல்லாத நேரம் வயர் பத்தினால் மனுசன் என்ன செய்யிறது? அதுக்குத்தானே எல்லாத்தையும் அணைக்கிறனான். அணைச்ச உடனை அந்தப் பட்டன் பெட்டி கீச்சுக்கீச்செண்டு கத்தும், இங்கிலீசிலை ஏதோ சொல்லும். துவாயாலை மூடிப்போட்டுப் போவன். வந்து சுவிச்சைப் போட்டால் பேசாமல் கிடக்கும். பழுதொண்டும் இல்லையெண்டுதான் நினைச்சன்."

கணவரைக் காப்பாற்றத்தான் அவர் அணைத்திருக்கிறார்.  நான் என் வீட்டு டிவி மூலையை நினைத்தேன். அன்று காலை நானும் ரவுட்டரை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

'எல்லாருக்கும் தெரியும்' என்ற சொல்லை நான் அன்றிலிருந்து வெறுக்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? மகனா? தொலைபேசிக் கொம்பனி அனுப்பிய ஆங்கிலக் கடிதமா? அந்த வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய், தமிழில் பேசி, தேநீர் குடித்துவிட்டு வந்தவள் நான்தான்.

விபத்து அறிக்கையில் காரணத்துக்கென்று ஒரு பட்டியல் இருக்கும், உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று, பாவனையாளரின் பிழை, அதாவது பெட்டியைப் பயன்படுத்தும் வீட்டுக்காரரின் பிழை. மேலாளர் அதில் கோடிடச் சொன்னார். நான் பரிசோதித்திருக்கிறேன், கையெழுத்து இருக்கிறது, என்னில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஏன் வீணாகத் தலையைக் கொடுக்கிறாய் என்று கேட்டார். என் நன்மைக்குத்தான் சொன்னார். நான் பொருத்தியவரின் பிழை என்ற இடத்தில் கோடிட்டேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன், வெட்கப்பட்டு ஒளித்து வைக்கவில்லை. பாவனையாளரின் பிழை என்று எழுதியிருந்தால் கோப்பை மூடியிருப்பார்கள். அடுத்த வீட்டில் அடுத்த அம்மா அணைப்பார், அடுத்த மனிதர் அமர்த்திக்கொண்டே கிடப்பார்.

அதன் பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் கை உயர்த்தினேன். கோயம்புத்தூர்ப் பெண் தான் குறித்துவைத்த நேரங்களை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். என்னை ஒரு கட்டத்தில் 'சுவிட்ச் அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கூப்பிடட்டும் என்று விட்டேன். நான் கேட்டது இரண்டே விஷயம். தாமதமாக வரும் சிக்னலையும் ஒரு மனிதர் பார்க்க வேண்டும். பெட்டியைப் பொருத்தியவர், வீட்டுக்காரரை வெளியே புறப்படுவதுபோலச் செய்யச் சொல்லி, அவர் வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் பொத்தானைச் சோதிக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் அதிகமாக எடுக்கும் என்றார்கள். எடுக்கட்டும் என்றேன். ஒரு வருடம் இழுத்தார்கள், நானும் விடவில்லை. இன்று உங்கள் படிவத்தின் கடைசியில் அந்த வரி இருக்கிறது. அதைப் பார்க்காமலே கோடிட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த வரி வருவதற்கு முன்பே அதை நான் முதலில் செய்துபார்த்தது எட்மண்டனில்தான். அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் இருக்கும். தன் சொந்த பேட்டரியும் சிம்மும் உள்ள, சுவர் மின்சாரமோ ரவுட்டரோ இல்லாமலும் கூப்பிடக்கூடிய புதுப் பெட்டியோடு போனேன். திரேசம்மா அக்கா பூசைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அண்ணையின் கட்டிலடியிலேயே கதிரை போட்டு இருந்தார். கடைக்கும் போவதில்லை, மகன் கணினியில் சொல்லிச் சாமான்களை அனுப்பிவிடுவான்.

"நான் ஆண்டவருக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டன், மனுசன் இஞ்சை தரையிலை கிடந்தார்," என்றார். "இனி எங்கையும் போகமாட்டன்."

"அக்கா, நீங்கள் செய்ததிலை பிழையில்லை. நீங்கள் சுவிச்சுகளை அணைக்கிறதை நான் கண்ணாலை கண்டனான். கண்டும் கேக்கேல்லை. பிழை என்ரை."

 அண்ணை கட்டிலிலிருந்து சொன்னார்: "இவ போகாட்டி எனக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு அஞ்சு நிமிசமும் என்ன வேணும் எண்டு கேக்கிறா."

பெட்டியைப் பொருத்தினேன். "அக்கா, இப்ப பூசைக்குப் புறப்படுங்கோ. வழமையா என்னென்ன செய்வியளோ, எல்லாம் செய்யுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

திரேசம்மா அக்கா கதிரையிலிருந்து எழுந்தார். சாம்பல் கோட்டைப் போட்டார். ஜெபம் சொல்லும் மணிமாலையைப் பைக்குள் வைத்தார். கேத்தல், ரோஸ்டர், வாஷிங் மெஷின், டிவி. ரவுட்டருக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அணைத்தார். பிறகு புதுப் பெட்டியின் சுவிட்சுக்குக் கை நீண்டது, திரும்பி வந்தது, மறுபடி நீண்டது. அதையும் அணைத்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"அமத்துங்கோ அண்ணை," என்றேன்.

அவர் இடது கையை நெஞ்சில் வைத்து, பொத்தானை மோவாயால் அமர்த்தினார். அறையில் ஒரு பச்சைப் பொட்டு வெளிச்சமும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.  கதவில் கடிதம் போடும் துவாரத்தை திரேசம்மா அக்கா வெளியிலிருந்து விரலால் திறந்து பிடித்திருந்தார், அவருடைய கண் தெரிந்தது.

பெட்டி கிர்ரென்றது. "வணக்கம் சார், சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?" என்றது எனக்குத் தெரிந்த குரல்.

செபமாலை அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டார். "சுகமா இருக்கிறன் பிள்ளை. மனுசி பூசைக்குப் போறா. நான் இஞ்சை இருக்கிறன்."

"சரிங்க சார். நாங்களும் இங்கதான் இருக்கோம்."

துவாரத்துக்கு அப்பால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணை கதவுப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"கேட்டதுதானே? நேரம் போகுது," என்றார். "போய்ட்டு வா."

துவாரம் மூடியது. படியில் அவருடைய காலடி இறங்கிப் போவதை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.